இராபர்ட் மாலெட் வரலாறு

கல்லை அசையாமைக்கும் நிலைபேற்றுக்கும் எடுத்துக்காட்டாகக் கூறுவது எல்லா மொழியினர்க்கும் இயல்பு. மலை நிலைத்தது, பாறை உறுதியுடையது, நிலம் பொறுமையுடையது என்று சொல்லிப் பழகிய நாவினர் நாம். அப்பாறையின் உள்ளே ஒரு நடுக்கம் ஓடுமாயின் அது ஒரு வினாடியில் எத்துணை அடி தூரம் செல்லும் என்று முதன்முதலாகக் கேட்டு, அதனை நூல்பிடித்து அளக்கவும் துணிந்த ஒருவருடைய வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவர் கண்ட விடை பெரிதும் பிழைபட்டது என்பதையும் முன்னரே கூறிவிடுகின்றோம். பிழைபட்ட விடையைக் கண்டவரை ஒரு சாத்திரத்தின் தந்தை என உலகம் போற்றுவது எவ்வாறு என்பதே நம்மை இவ்வரலாற்றில் ஈடுபடச் செய்தது. தமிழ் பயில்வோனுக்கு இரும்பு வார்ப்பவர் வரலாற்றில் என்ன வேலை என்று பௌதிக வகுப்புத் தோழர்கள் நகைக்கக்கூடும், நகைக்கட்டும்.

இராபர்ட் மாலெட் 1810-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 3-ஆம் நாள் அயர்லாந்து தேசத்துத் தலைநகராகிய டப்ளினிற் பிறந்தார். தந்தையார் ஜான் மாலெட் இங்கிலாந்தின் டெவன் நாட்டிலிருந்து குடியேறி, டப்ளினில் இரும்பும் பித்தளையும் உருக்கி வார்க்கும் தொழிற்சாலை ஒன்றை நடத்தி வந்தவர். இளமைதொட்டே உலைக்களத்தின் ஓசையும் உருகிய உலோகத்தின் ஒளியும் சிறுவரைச் சூழ்ந்திருந்தன. பதினாறாம் வயதில் டப்ளின் டிரினிட்டி கல்லூரியிற் சேர்ந்து 1830-இற் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே தந்தையாரின் தொழிலில் பங்காளியானதோடு, கார்டீலியா வாட்சன் என்னும் நங்கையை மணந்தும் கொண்டார். கல்லூரியை விட்டு வெளியேறியதும் வேலை தேடி அலையும் நம்மனோர்க்கு இது சற்றே பொறாமை விளைப்பதுதான்.

மகனுடைய அறிவும் ஊக்கமும் சேரவே தொழிற்சாலை நாடறிந்ததாயிற்று. டப்ளின் நகரத்துப் புனித ஜார்ஜ் ஆலயத்தின் 133 டன் எடையுள்ள கூரையை உயர்த்தி நிலைநிறுத்தும் வேலை அவருடைய இளமைக் காலத்து வெற்றிகளுள் ஒன்று. இருப்புப்பாதைக்கும் பாலங்களுக்கும் கலங்கரை விளக்கத்துக்கும் வேண்டிய இரும்பு வேலைகள் அவர் சாலையிலிருந்து சென்றன. இருபத்திரண்டாம் வயதிலேயே அயர்லாந்து இராயல் அக்காதெமி என்னும் அறிஞர் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. இத்தகைய ஒருவர் பொருளீட்டிப் புகழுடன் வாழ்ந்து மறைந்திருப்பின் அவர் பெயரை இரும்பு வணிகர் சிலரன்றிப் பிறர் அறிந்திரார்.

அவர் மனத்தைத் திருப்பியது ஒரு படம். இத்தாலியின் தென்கோடியாகிய கலாபிரியா நாட்டில் 1783-ஆம் ஆண்டு நிகழ்ந்த கொடிய பூகம்பத்தில், சான்தோ ஸ்தெபானோ என்னும் ஊரின் துறவிமடத்து முன்றிலில் நின்ற இரண்டு கற்றூண்கள் விழவில்லை. ஆனால் அவற்றின் மேற்கற்கள் அடிப்பீடத்தினின்றும் திருகப்பட்டவை போல ஒரு பக்கமாகச் சுழன்று நின்றன. இதனைக் கண்டவர்கள், பூமி சூறாவளியைப் போலச் சுழன்றிருத்தல் வேண்டும் என்று கருதினர். மாலெட்டுக்கு அது பொருந்தவில்லை. கற்களைத் தூக்கியும் நகர்த்தியும் பழகிய கைகளையுடையவர் அவர். ஒரு கல்லின் அடியில் பற்று மிகுந்துள்ள இடமும், அக்கல்லின் எடை மையமும் ஒரே நேர்கோட்டில் அமையாவிடின், நேராக ஒரு தள்ளுத் தள்ளினாலும் கல் திரும்பவே செய்யும் என்பது அவர் அறிந்தது. ஐயமுறுவோர் தம் மேசைமேலுள்ள புத்தகத்தின் ஒரு மூலையை விரலால் அழுத்திக்கொண்டு மேசையை இழுத்துப் பார்க்கலாம். ஆகவே பூமி சுழலவேண்டுவதில்லை. ஒரு திசையில் முன்னும் பின்னும் அசைந்தாற் போதும். அவ்வசைவு ஓர் அலை.

அக்கருத்தை விரித்து 1846-ஆம் ஆண்டு பெப்ரவரி 9-ஆம் நாள் மேற்கூறிய அக்காதெமியில் ஒரு கட்டுரை படித்தார். பூகம்பமாவது பூமியின் பாறைகளிலே நெகிழ்ச்சித் தன்மை காரணமாக ஓடும் அலையேயன்றி வேறன்று என்பதே அதன் சாரம். கடலுக்கடியில் அவ்வலை தோன்றுமாயின் நீரிலும் ஒரு பேரலை எழுந்து, நில அலைக்குப் பிந்திக் கரையை வந்து தாக்கும் என்பதையும் அவர் ஆங்கே விளக்கினார். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாளை நினைக்கும் கடற்கரையோர் எவர்க்கும் இப்பகுதி வெறும் ஏட்டுச் செய்தியாகத் தோன்றாது.

அலை என்று சொல்லியாயிற்று. அலையாயின் அதற்கு வேகம் உண்டு. வேகம் உண்டாயின் அளத்தல் வேண்டும். பூகம்பம் வரும் வரையிற் காத்திருத்தல் இயலாது. வந்தாலும் கடிகாரத்தோடு நிற்பவர் யார்? எனவே மாலெட் தாமே சிறு பூகம்பங்களை உண்டாக்கத் துணிந்தார். 1849-இல் டப்ளினுக்குத் தெற்கேயுள்ள கில்லைனி என்னும் கடற்கரையில், ஈர மணலில் வெடிமருந்தைப் புதைத்து மின்சாரத்தால் வெடிக்கச் செய்தார். ஏறக்குறைய அரை மைலுக்கு அப்பால் ஒரு தட்டிற் பாதரசம் இருந்தது. அதன் மேற்பரப்பிலே நுண்ணிய குறுக்கிழைகளின் பிம்பம் விழுமாறு செய்து, அப்பிம்பத்தைத் தொலைநோக்கி வழியாக அவர் பார்த்துக்கொண்டிருப்பார். நிலம் அதிர்ந்தால் பாதரசம் நடுங்கும். பாதரசம் நடுங்கினாற் பிம்பம் கலைந்து மறையும். வெடி தொடங்கிய கணத்தில் ஓடத் தொடங்கிய வீட்ஸ்டனுடைய நுண்கடிகாரத்தை, பிம்பம் மறைந்த கணத்தில் அவர் நிறுத்துவார். இவ்வளவுதான் கருவி. இவ்வேலையில் அவருக்கு உற்ற துணையாக இருந்தவர் பதினேழு வயதினரான அவர் மூத்த மகனார் ஜான் வில்லியம் மாலெட். நம்மினும் இரண்டாண்டு இளையவர் ஒருவர் வெடிமருந்துக் குடத்தருகே நின்று உதவிய காட்சியை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பு மிகுகின்றது.

கிடைத்த விடைகள் இவை. ஈர மணலில் அலை வினாடிக்கு 825 அடி சென்றது. பின்னர் அருகிலுள்ள டால்கி தீவின் கருங்கற் பாறையில் அதே சோதனையைச் செய்தபோது, வெடிப்புக்கள் மிகுந்த பாறையில் 1,306 அடியும், அவை குறைந்த பாறையில் 1,665 அடியும் சென்றது. காற்றில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 1,100 அடி செல்வது. அங்ஙனமாயின் ஈர மணலிற் செல்லும் நடுக்கம் காற்றிற் செல்லும் ஒலியினும் மெதுவானது; திண்ணிய கருங்கல்லிலோ அதனினும் சிறிதே விரைவானது! கல்லின் நெகிழ்ச்சியையும் அடர்த்தியையும் கொண்டு கணக்கிட்டால் இதைப்போற் பன்மடங்கு வேகம் வரவேண்டும் என்பதை மாலெட் நன்கு அறிவார். தாம் எதிர்பார்த்ததற்கு முற்றும் மாறான எண்களை அவர் மறைக்கவில்லை, கண்டவாறே வெளியிட்டார். பாறையிலுள்ள எண்ணிறந்த பிளவுகளும் இடுக்குகளும் அலையைத் தடுத்துத் தடுத்து அதன் வேகத்தைக் குறைக்கின்றன என்று காரணமும் கூறினார். பின்னர் வேல்ஸ் நாட்டு ஹோலிஹெட் துறைமுகத்தில் அலைதடுப்புச் சுவருக்காக மலையைப் பெருவெடிகளால் உடைத்தபொழுது, 1856 முதல் 1861 வரை அங்கும் சென்று அளந்தார். அங்கும் வினாடிக்கு ஆயிரம் அடிக்கு அண்மையிலேயே விடை நின்றது.

இக்காலத்துக் கருவிகள் கூறுவது வேறு. பழுதற்ற கருங்கல்லின் உட்புறத்தில் முதலலை வினாடிக்கு ஐந்து அல்லது ஆறு கிலோமீட்டர், அதாவது 16,000 முதல் 20,000 அடி வரை ஓடும். மாலெட் கண்டது அதிற் பத்தில் ஒரு பங்கே. பிளவுகள் வேகத்தைக் குறைக்கும் என்று அவர் கூறிய காரணமும் உண்மையே. மேற்பரப்பிலுள்ள சிதைந்த பாறையில் வேகம் மிகக் குறைவு என்பதைப் பின்வந்தோரும் கண்டனர். ஆயினும் முழுக் காரணம் அஃதன்று. வெடியிலிருந்து புறப்படும் நடுக்கம் ஒன்றன்று, பல. முதலில் வருவது மிக விரைவானது, ஆனால் மெல்லியது. பின்னர் நிலத்தின் மேற்பரப்பைப் பற்றிக்கொண்டு தவழ்ந்து வருவது மெதுவானது, ஆனால் வலியது. பாதரசத்தின் பிம்பத்தைக் கலைக்குமளவுக்கு வலிமை பெற்றது இப்பின்னலையே. முன்னோடி வந்த தூதுவன் எவரும் அறியாமற் கடந்து போனான். யானைமேல் வந்த அரசனையே மாலெட் முதல்வன் என எண்ணினார்.

இந்த உண்மை வெளிப்படத் தொடங்கியதும் அவர் வாழ்நாளிலேயேயாம். அதனைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன்னர் அவருடைய வாழ்க்கையின் மிகப் பெரிய பயணத்தைக் கூறவேண்டும்.

1857-ஆம் ஆண்டு டிசம்பர் 16-ஆம் நாள் இரவு பத்து மணியளவில் நேப்பிள்ஸ் இராச்சியத்தின் மலைநாட்டில் கடும் பூகம்பம் நிகழ்ந்தது. பொல்லா, பொட்டென்சா, மொன்டெமுர்ரோ முதலிய ஊர்கள் இடிந்தன. உறக்கத்திலேயே மாண்டவர் பதினாயிரவருக்கு மேற்பட்டவர் என்பர். மொன்டெமுர்ரோவில் ஊராரிற் பெரும்பகுதியினர் மடிந்தனர். செய்தி இலண்டன் சேர்ந்த சில நாட்களுக்குள் மாலெட் இராயல் சொசைட்டிக்கு விண்ணப்பம் செய்துகொண்டார். இடிபாடுகள் கலைக்கப்படுமுன் அவற்றைப் பார்த்தல் வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. நில நூலறிஞர் சார்ல்ஸ் லையல் அதனை ஆதரித்தார். 150 பவுன் பொருளுதவி கிடைத்தது.

அவர் அப்பொழுது நாற்பத்தேழு வயதினர். மனைவியாரை 1854-இல் இழந்தவர். 1858-ஆம் ஆண்டு பெப்ரவரியில், மாரிக் காலத்துக் குளிரிலும் பனியிலும், கோவேறு கழுதை மேலேறி அம்மலைநாட்டின் ஊர்தோறும் சென்றார். கையில் திசைகாட்டியும் அளவு நூலும் குறிப்பேடும் இருந்தன. ஊரார் இறந்தோரை எண்ணி அழுதுகொண்டிருக்க, அந்நியர் ஒருவர் இடிந்த சுவரின் வெடிப்பிற் கோணம் அளந்துகொண்டிருந்தார் என்றால் அது கல்நெஞ்சம் போலத் தோன்றும். நமக்கும் முதலில் அப்படியே தோன்றிற்று. ஆனால் அவர் குறிப்பேட்டிற் குறித்தவை கோணங்கள் மாத்திரம் அல்ல. எவ்வூரில் எவ்வகை வீடுகள் இடிந்தன, ஆற்றங்கல்லை நல்ல சுண்ணாம்பின்றி அடுக்கிய சுவர் எவ்வாறு சரிந்தது, கனத்த கூரை எவ்வாறு உறங்குவோர் மேல் வீழ்ந்தது என்பனவற்றையும் அவர் வீடுவீடாகக் குறித்தார். மக்களைக் கொன்றது பூமியினும் மிகுதியாக அவர்தம் சுவரும் கூரையுமே என்பது அக்குறிப்புக்களைப் படிப்போர்க்கு விளங்கும்.

அவருடைய முறை எளியது. அலை ஒரு சுவரைத் தாக்கும்பொழுது, அது வரும் திசைக்குக் குறுக்கே சுவர் பிளக்கும். தூணும் சிலையும் அத்திசையை ஒட்டியே விழும். ஒவ்வோர் ஊரிலும் பிளவின் போக்கையும் சாய்வையும் அளந்து, அவ்வலை வந்த வழியைப் பின்னோக்கி வரைந்தால், கோடுகள் எல்லாம் நிலத்துக்கடியில் ஓரிடத்திற் கூடும். அவ்விடமே பூகம்பத்தின் பிறப்பிடம். அங்ஙனம் வரைந்து, கஜ்ஜானோ என்னும் சிற்றூரை அடுத்து, ஏறக்குறைய பத்தரைக் கிலோமீட்டர் ஆழத்தில் அப்பிறப்பிடம் உளதென அவர் முடிவு கட்டினார். ஒரு பூகம்பத்தின் ஆழத்தை அளவை முறையாற் கணிக்க முயன்ற முதன்முயற்சி இதுவே. பாழடைந்த ஊர்களின் நிழற்படங்களும் அவர் அறிக்கைக்குத் துணையாயின. நிழற்படக் கலை குழந்தைப் பருவத்தில் இருந்த அக்காலத்தில் அதனை ஒரு விஞ்ஞானச் சான்றாகக் கையாண்டது அவருடைய கூர்மைக்கு அடையாளம். 1862-இல் அவ்வறிக்கை இரு பெருந்தொகுதிகளாக வெளிவந்தது. பூகம்ப ஆராய்ச்சிக்கு ஆங்கிலத்தில் இன்று வழங்கும் சீஸ்மாலஜி என்ற பெயரும் அவர் படைத்ததே. ஒரே அளவான அதிர்ச்சியுற்ற ஊர்களை ஒரு கோட்டால் இணைத்து வரைபடத்திற் காட்டும் கோட்டுக்கும் அவரே பெயரிட்டார். சொல்லை ஆராயும் நமக்கு, ஒரு கலைக்கு அதன் பெயரையே தந்தவர் என்னும் சிறப்பு ஏனையவற்றினும் பெரிதாகப் படுகின்றது.

மகனாரோடு கூடி அவர் தொகுத்த பூகம்ப அட்டவணையையும் ஈண்டுக் குறிக்கவேண்டும். பழைய நூல்களையெல்லாம் துருவி, கிறிஸ்துவுக்கு முன் பதினேழாம் நூற்றாண்டு முதலாகக் கிடைத்த 6,831 பூகம்பங்களை அவர்கள் வரிசைப்படுத்தினர். அவற்றை உலகப் படத்தில் வண்ணமிட்டுக் காட்டினார் மாலெட். வண்ணம் எங்கும் பரவவில்லை. பசிபிக்குப் பெருங்கடலைச் சுற்றியும், மத்தியதரைக் கடல் வழியாகவும் பட்டை பட்டையாக ஓடிற்று. பூமியின் மேலோடு பல தகடுகளாகப் பிரிந்து நகர்கின்றது என்ற கொள்கை உருப்பெறுதற்கு நூறாண்டுக்கு முன்னரே, அத்தகடுகளின் விளிம்புகளை அவர் அறியாமலே வரைந்துவிட்டார்.

அவர் செய்தவை எல்லாம் வெற்றி என்று நினைத்தல் வேண்டா. கிரிமியப் போருக்கென 36 அங்குல வாயுள்ள மாபெரும் பீரங்கி இரண்டு அவர் திட்டப்படி செய்யப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய 42 டன் எடை. அவை முடிவதற்குள் போரே முடிந்துவிட்டது! சோதனைக்குச் சில குண்டுகள் எறிந்ததன்றி அவை எப்போரையும் கண்டில. ஒருவரையும் கொல்லாத பீரங்கி என்ற வகையில் அதனையும் ஒரு வெற்றி எனலாம் போலும். தொழிலும் நாளடைவில் தளர்ந்தது. 1861-இல் அவர் டப்ளினை விட்டு இலண்டன் சென்று, பொறியியல் ஆலோசகராகவும் பத்திரிகை ஆசிரியராகவும் வாழ்ந்தார். எரிமலையின் வெப்பம் பூமி சுருங்குங்காற் பாறைகள் நொறுங்குவதால் எழுவது என்று கூறி, பாறைத் துண்டுகளை நசுக்கி வெப்பத்தையும் அளந்தார். அக்கொள்கை பின்னர் நிற்கவில்லை.

இனி, முன்னர் விட்ட இடத்துக்கு வருவோம். 1876-ஆம் ஆண்டு செப்டம்பர் 24-ஆம் நாள் நியூயார்க்கு நகரத்து ஆற்று வழியை அகலப்படுத்த ஹாலெட்ஸ் பாயின்ட் என்னுமிடத்துப் பாறையை மாபெரும் வெடியால் தகர்த்தனர். ஹென்றி ஆபட் என்ற அமெரிக்கப் படைப்பொறியாளர் அதன் நடுக்கத்தைப் பல இடங்களில் அளப்பித்தார். அவரும் பாதரசத்தையே பயன்படுத்தினார். ஆனால் வலிமை மிகுந்த தொலைநோக்கியாற் பார்த்தவர்க்கு நடுக்கம் முன்னரே தோன்றிற்று. வலிமை குறைந்ததாற் பார்த்தவர்க்குப் பின்னரே தோன்றிற்று! மாலெட் கண்டதைப் போற் பன்மடங்கு வேகம் அங்கே கிடைத்தது. அளவு பாறையை மாத்திரம் பொறுத்ததன்று, பார்க்கும் கண்ணையும் பொறுத்தது என்பது இதனாற் புலனாயிற்று.

மாலெட் இதனை ஏற்கவில்லை. மறுத்து எழுதினார்; ஆபட் அதற்கு விடை எழுதினார். நாம் மாலெட்டினிடம் எத்துணை அன்புடையோமாயினும் இவ்வழக்கில் நியாயம் ஆபட் பக்கமே என்பதை மறைத்தல் இயலாது. எதிர்பாராத எண்ணைக் கண்டபோது அதனை அஞ்சாது வெளியிட்டவர், முதுமையில் அவ்வெண்ணை விடமாட்டாதவரானார். ஆயின் அவர் நிலையையும் எண்ணிப் பார்த்தல் தகும். பிம்பம் மறையும் கணத்தைத் தம் கண்ணாற் கண்டு அதனையே சான்றாகக் கொண்டவர் அவர். இறுதி ஏழாண்டுகளில் அக்கண்களின் பார்வையே போய்விட்டது. மறுபடி ஒருமுறை கில்லைனி மணலில் நின்று, வலிய தொலைநோக்கி ஒன்றால் பார்த்து, தம் எண்ணைத் தாமே சரிபார்க்கும் வாய்ப்பு அவருக்கு இல்லாது போயிற்று. 1877-இல் இலண்டன் நில நூற் கழகத்தார் தம் உயர்ந்த பரிசாகிய வொல்லாஸ்டன் பதக்கத்தை அவருக்கு அளித்தனர். அதன் பொறிப்பைப் பார்க்கும் ஆற்றல் அக்கண்களுக்கு இல்லை. 1881-ஆம் ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் இலண்டனில் அவர் காலமானார்.

பூகம்பம் ஒரு புள்ளியிற் பிறப்பதன்று, பல மைல் நீளமுள்ள பிளவு சறுக்குவதாற் பிறப்பது என்பதை இன்று அறிவோம். ஆகவே அவர் வரைந்த கோடுகளும் முழுதும் செவ்வியன அல்ல. சுவர் பிளக்கும் வகை கட்டடத்தின் அமைப்பையும் பொறுத்ததே. ஆயினும் 1857-இன் அழிவை ஆராயும் இத்தாலிய அறிஞர் இன்றும் அவர் ஊர்தோறும் எழுதிய குறிப்புக்களையே திறந்து பார்க்கின்றனர். கணக்குப் பிழைத்தது, கண்டது பிழைக்கவில்லை.

நம் நாட்டுக்கும் அவர் வழி வந்த பயன் உண்டு. அவருடைய இளைய மகனார் பிரெடரிக் ரிச்சர்ட் மாலெட் இந்திய நில அளவைத் துறையிற் சேர்ந்து, அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவு எரிமலையைப் பற்றி 1885-இல் நூல் எழுதினார். அத்துறையின் தலைவராயிருந்த தாமஸ் ஓல்டாமும் டப்ளின் நகரினர். 1869-ஆம் ஆண்டு ஜனவரி 10-ஆம் நாள் கச்சார் நாட்டில் பூகம்பம் நிகழ்ந்தபொழுது, அவர் மாலெட்டின் முறைப்படியே இடிந்த சுவர்களை அளந்தார். அவ்வறிக்கையைத் தந்தைக்குப் பின் பதிப்பித்து வெளியிட்டவர் மகனார் ரிச்சர்ட் டிக்சன் ஓல்டாம். அம்மகனாரே 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் அஸ்ஸாமை உலுக்கிய பெரும் பூகம்பத்தை ஆராய்ந்து, 1899-இல் எழுதிய நூலில், தொலைவிலுள்ள கருவிகளிலே முதலலை, இரண்டாமலை, மேற்பரப்பலை என மூன்றும் வேறு வேறு நேரங்களில் வந்து சேர்வதைப் பிரித்துக் காட்டினார். மாலெட்டின் பாதரசத்தைக் கடந்து மறைந்த தூதுவன் இவ்வாறு நம் நாட்டுப் பூகம்பம் ஒன்றன் வழியாகவே பிடிபட்டான். 1906-இல் அதே ஓல்டாம், அவ்வலைகள் பூமியின் நடுவிற் செல்லுங்கால் தாமதிப்பதைக் கொண்டு, பூமிக்குள் வேறொரு கருப்பகுதி உண்டென்றும் நிறுவினார்.

டப்ளின் நகரத்து நாசோ தெருவின் ஓரமாக, டிரினிட்டி கல்லூரியின் எல்லையிலே ஒரு நீண்ட இரும்புக் கிராதி நிற்கின்றது. மாலெட் தாம் பயின்ற கல்லூரிக்குத் தம் சாலையில் வார்த்தளித்தது அது. அதன் அடியிற் குனிந்து பார்ப்போர்க்கு, இரும்பிலேயே வார்த்த மாலெட் என்னும் பெயர் தெரியும்.